சொத்து வரி: பேரம் வேண்டாம், முறையீடு போதும்

சொத்து வரி கூடுதலாகத் தெரிந்தால் நம்மவர்கள் முதலில் தேடுவது பில் கலெக்டரை அல்லது வட்டக் கவுன்சிலரை. ஆணையரிடம் மனு, பிறகு மாமன்ற உறுப்பினர்களைக் கொண்ட வரிவிதிப்பு மேல்முறையீட்டுக் குழு, அதன் பின் நீதிமன்றம் என மாநகராட்சிகளில் முறையான வழி இருந்தும், அதில் நடப்பவர்கள் குறைவு. வரியைக் குறைக்கக் கேட்பது சலுகைக்கான கெஞ்சல் என்ற எண்ணமே இதற்குக் காரணம். உண்மையில் அது கணக்கைச் சரிபார்க்கக் கோரும் உரிமை. அந்த உரிமையை எளிதாக்குவதில் குடிமக்களைவிட மாநகராட்சிக்கே ஆதாயம் அதிகம்.

வரித்தொகை வானத்திலிருந்து விழுவதில்லை. கட்டடத்தின் பரப்பு, அது நிற்கும் தெருவுக்கான அடிப்படை மதிப்பு, குடியிருப்பா வணிகமா என்ற பயன்பாடு, கட்டடத்தின் வயது ஆகியவற்றிலிருந்து ஆண்டு வாடகை மதிப்பு கணக்கிடப்படுகிறது. இவற்றில் எது தவறாகப் பதிவானாலும் வரி தவறும். 2022 இல் நடந்த சொத்து வரிச் சீராய்வு இந்தத் தவறுகளின் விலையை ஏற்றிவிட்டது. அப்போது சென்னையின் பழைய மாநகராட்சிப் பகுதியில் 600 சதுர அடி வரையுள்ள வீடுகளுக்கு 50 சதவீதம், 1,200 வரை 75, 1,800 வரை 100, அதற்கு மேல் 150 சதவீதம் என வரி உயர்த்தப்பட்டது. பழைய அரையாண்டு வரி 1,600 ரூபாயாக இருந்த ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். அதன் பரப்பு 1,190 என்றால் புது வரி 2,800. அளவெடுத்தவர் 1,210 என்று எழுதியிருந்தால் 3,200. இருபது சதுர அடிப் பிழைக்கு ஆண்டுக்கு 800 ரூபாய் தண்டம். வரி ஆண்டுதோறும் 6 சதவீதம் ஏறினால் அதே பிழை பத்தாண்டில் சுமார் 10,500 ரூபாய் ஆகிவிடும்.

முறையீடு என்னும் முன்வாசல் அடைபட்டிருந்தால் பின்வாசலில் கூட்டம் சேரும். மதுரை மாநகராட்சியில் அதிகாரிகளின் கடவுச்சொற்களைத் தவறாகப் பயன்படுத்திக் கட்டடங்களின் வரியைக் குறைத்ததாக எழுந்த புகார், 2025 இல் கைதுகளிலும் மண்டலத் தலைவர்களின் ராஜினாமாவிலும் முடிந்தது. மனு இல்லை, விசாரணை இல்லை, காரணம் எழுதிய உத்தரவு இல்லை. கணினியில் எண் மட்டும் மாறியது என்பதுதான் குற்றச்சாட்டின் சாரம். ஒவ்வொரு குறைப்புக்கும் எழுத்தில் ஒரு காரணம் கட்டாயம் என்றிருந்தால் இத்தகைய மாற்றம் தணிக்கையில் உடனே கண்ணில் படும்.

முறையீட்டை எளிதாக்கினால் எல்லோரும் மனுவோடு வரிசையில் நிற்பார்கள், வருவாய் சரியும் என்று அதிகாரிகள் அஞ்சலாம். ஆனால், மறுபடி அளப்பது ஒருபக்கக் கத்தியல்ல. குறைவாகப் பதிவான பரப்பும், வீடு என்ற பெயரில் நடக்கும் கடையும் அப்போதுதான் வெளிப்படும். அதனால் உண்மையிலேயே மிகையாக வரி விதிக்கப்பட்டவரே மனுவோடு வருவார். தொகை சரிதான் என்று நம்புகிறவர் நிலுவை வைக்கவும் தயங்குவார்.

இதைவிட வலுவான ஆட்சேபம் ஒன்று உண்டு: முறையீட்டால் வசதி படைத்தவர்களே பயனடைவார்கள் என்பது. அமெரிக்காவில் சிக்காகோ நகரம் அடங்கிய குக் கவுண்டியில் அதுவே நடந்தது. மலிவான வீடுகளுக்கு மிகையாகவும் விலையுயர்ந்த வீடுகளுக்குக் குறைவாகவும் மதிப்பிடப்பட்டதையும், மேல்முறையீடுகள் அந்த இடைவெளியை மேலும் விரித்ததையும் 2017 இல் சிக்காகோ ட்ரிப்யூன் நாளிதழின் புலனாய்வுத் தொடர் வெளிக்கொணர்ந்தது. வழக்கறிஞர் வைத்து வாதாடியவர்களின் சுமை குறைந்தது. அந்தப் பாரம் மற்றவர்கள் தலையில் ஏறியது. மறு ஆண்டே அந்தக் கவுண்டியின் மதிப்பீட்டு அதிகாரி, தன் கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் தேர்தலில் தோற்றார். அடுத்து வந்தவர் மதிப்பீட்டுக் கணக்குமுறையைப் பொதுவெளியில் வைத்தார். முறையீட்டை ஒழிக்க வேண்டும் என்பதல்ல இதன் பாடம். வழக்கறிஞர் இல்லாமலே ஒருவர் தன் கணக்கைப் படித்துப் புரிந்துகொள்ள முடிந்தால்தான் முறையீடு ஏழைக்கும் பயன்படும்.

எனவே வேண்டியவை மூன்று. வரி அறிவிப்பிலேயே பரப்பு, பயன்பாடு, தெரு மதிப்பு, வயது நான்கும் அச்சாக வேண்டும். மனுவை வார்டு அலுவலகத்தில் பெற்று, குறித்த நாளில் விசாரிக்க வேண்டும். கூட்டினாலும் குறைத்தாலும் காரணத்தோடு உத்தரவை வெளியிட வேண்டும். இவற்றுக்குப் புதிய சட்டத்தைவிட நிர்வாகத்தின் மனம்தான் முக்கியம். அதுவரை, அறிவிப்பு கைக்கு வந்ததும் பரப்பை ஒருமுறை அளந்து பார்த்து, பிழையிருந்தால் பேரம் பேசாமல் எழுத்தில் மனுக் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குவதே வீட்டுக்காரர் செய்யக்கூடியது.