வரப்பும் வரம்பும்

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாகட்டும்.



இராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் செல்லும்போது மேற்கே மலைத்தொடரும் உடன் வருவதைக் காண்பீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் அங்கே பெய்யும் மழையே அடிவாரக் கிராமங்களின் வாழ்வாதாரம். ஓடையில் இறங்கும் நீர் முதலில் மேல் கண்மாயை நிரப்புகிறது. அது நிறைந்தால் மறுகால் பாய்ந்து அடுத்த கண்மாயை அடைகிறது. மடையைத் திறந்தால் வயலுக்கு வயல் நீர் இறங்குகிறது. மேலே இருப்பவர் தம் அளவோடு நிறுத்திக்கொண்டால்தான் கீழே இருப்பவரின் பயிர் பிழைக்கும்.

இதே வழக்கு மதீனாவிலும் எழுந்தது. மஹ்ஸூர் ஓடையின் நீரைப் பற்றி நபி (ஸல்) அவர்கள் தீர்ப்பளித்தார்கள். மேட்டு நிலத்தார் கணுக்கால் அளவுக்கு நீரைத் தேக்கலாம். பிறகு கீழ் நிலத்தாருக்கு விட்டுவிட வேண்டும் என்பதே அத்தீர்ப்பு (அபூதாவூத், இப்னு மாஜா). மேலே இருப்பவருக்கு முதல் உரிமை உண்டு. முழு உரிமை இல்லை!

நிலத்தின் எல்லைக்கும் மார்க்கத்தின் எல்லைக்கும் அரபியில் ‘ஹத்’ என்ற ஒரே சொல்தான். தமிழிலும் வயல் வரப்புக்கு வரம்பு என்றே பெயர். வரப்பு உடைந்தால் நீர் நிற்காது. வரம்பு உடைந்தால் ஊர் நிற்காது.

அல்லாஹ்வின் வரம்புகளைப் பேணுபவரையும் மீறுபவரையும் நபி (ஸல்) அவர்கள் ஒரே கப்பலில் பயணம் செய்வோருக்கு ஒப்பிட்டதை நுஃமான் பின் பஷீர் (ரலி) அறிவிக்கிறார்கள் (புகாரீ). கீழ்த்தளத்தார் தண்ணீருக்காக மேல்தளத்தாரைக் கடந்து செல்ல வேண்டியிருந்தது. அவர்களுக்குத் தொல்லை தர வேண்டாமே என்று தம் பகுதியில் துளையிட எண்ணினார்கள். எண்ணம் நல்லதுதான். ஆனால் அவர்களைத் தடுக்காமல் விட்டால் அனைவரும் அழிவர். கையைப் பிடித்தால் அனைவரும் தப்புவர்.

சிந்தியுங்கள்! திருமணத்திலும் ஜனாஸாவிலும் ஒன்றுகூடுவது மட்டுமா ஊர் ஒற்றுமை? வரத்துக் கால்வாயைத் தூர்த்து மனையாக்குபவரும், தோப்பைக் கண்மாய்க்குள் நீட்டுபவரும் “என் இடத்தை ஒட்டித்தானே” என்கின்றனர். அவர் பள்ளிவாசலுக்கு வாரி வழங்குபவர் என்பதால் நாமும் வாய்மூடி இருக்கிறோம். கண்மாய்களைக் காக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் தமிழக அரசு 2007இல் சட்டமே இயற்றியது. ஆனால் ஒரு சாண் நிலத்தை அநியாயமாக எடுத்தவரின் கழுத்தில் மறுமையில் ஏழு பூமிகள் மாலையாக இடப்படும் என்ற நபிமொழி (புகாரீ, முஸ்லிம்) அதற்கு வெகுகாலம் முன்பே நமக்கு வந்துவிட்டதே!

கீழ் வயல் மாற்று மதச் சகோதரருடையதாக இருந்தாலும் அண்டை வீட்டாரின் உரிமை குறையாது. அடியார்களுக்குரிய ஹக்கு, உரியவரிடம் திருப்பித் தராமல் வெறும் தவ்பாவினால் தீர்வதில்லை.

ஆகவே, மழைக்கு முன் ஊராரோடு சேர்ந்து வாய்க்காலைத் தூர்வார ஜமாஅத்தினர் முன்வாருங்கள். எல்லைக்கல்லை நகர்த்தியவர் இன்றே பழைய இடத்தில் நடட்டும். உளூவில் நாம் கால்களைக் கழுவுவது கணுக்கால் வரை. வயல் நீருக்கு நபி (ஸல்) அவர்கள் வைத்த அளவும் அதே கணுக்கால்தான். ஒவ்வொரு தொழுகைக்கு முன்பும் அது நம் நினைவுக்கு வரட்டும்.

வரம்பைப் பேணி, பிறரையும் வாழ வைக்கும் நற்பேற்றை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் வழங்குவானாக! ஆமீன்.