கூலன்ட் குறையுதா? வாரன்டி முடியறதுக்குள்ள ஜாப் கார்டுல ஏத்துங்க!

ராஜபாளையத்துல இருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வழியா வாராவாரம் மதுரை போயிட்டு வர்றீங்கன்னு வைங்க. கார் வாங்கி ரெண்டு வருஷம், இ.எம்.ஐ. இன்னும் ஓடுது. ஒருநாள் பானெட்டைத் திறந்தா கூலன்ட் கீழ்க்கோட்டுக்கும் கீழ இருக்கு. தரையில ஒரு சொட்டுகூட இல்லை. சர்வீஸ் சென்டர்ல ஊத்தி நிரப்பி, "நார்மல்தான் சார்"னு அனுப்பிடறாங்க. அடுத்த மாசமும் அதே கதை.

நல்லா கேட்டுக்கோங்க: கூலன்ட் பெட்ரோல் மாதிரி தீர்ந்துபோற பொருள் இல்லை. அது மூடின அமைப்புக்குள்ளயே சுத்தி வருது. மாசாமாசம் குறையுதுன்னா எங்கயோ போகுது.

எங்க போகுது?

காலையில எஞ்சின் ஆறியிருக்கும்போது, சமதளத்துல நிறுத்தி அளவைப் பாருங்க. சூட்டுல கூலன்ட் விரியும், அளவு ஏமாத்தும். கிலோமீட்டரோட சேர்த்து போட்டோ எடுத்து வைங்க. சூடா இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது.

* முன்சீட் கால் பக்கம் ஈரம், உள்ள இனிப்பு வாசனை: ஹீட்டர் கோர் ஒழுகலாம்.
* ஹோஸ், வாட்டர் பம்ப் பக்கம் காய்ஞ்ச கறை: கசியறது சூட்டுலயே ஆவியாகிடும், அதான் தரையில சொட்டு இல்லை.
* எஞ்சின் சூடான பிறகும் வெள்ளைப் புகை: ஹெட் கேஸ்கெட் மேல சந்தேகம்.

சர்வீஸ் சென்டர்ல பிரஷர் டெஸ்ட் கேளுங்க. அமைப்புக்குள்ள அழுத்தம் ஏத்தி, இறங்குதான்னு பார்ப்பாங்க. மூடியையும் தனியா சோதிக்கணும். அதுலயும் தெரியலன்னா, கூலன்ட்ல எஞ்சின்ல எரிஞ்ச வாயு கலக்குதான்னு பார்க்க ஒரு டெஸ்ட் இருக்கு. கலந்திருந்தா நீலத் திரவம் மஞ்சளாகும்.

காசு இருக்கிறது காகிதத்துல

ஜாப் கார்டுல "டாப்-அப்"னு மட்டும் எழுதினா, அது உங்களுக்கு ஆதாரம் ஆகாது. "காரணம் தெரியாமல் கூலன்ட் குறைகிறது"ன்னு கிலோமீட்டரோட எழுதச் சொல்லி, நகல் வாங்குங்க. வாரன்டி முடிஞ்ச அப்புறம் கேஸ்கெட் போனாலும், பழுது முன்னாடியே ஆரம்பிச்சதுன்னு காட்ட அதுதான் உங்க பிடி. நடுவுல குழாய்த் தண்ணி ஊத்தாதீங்க, வெளி மெக்கானிக்கிட்ட பிரிக்கவும் விடாதீங்க. வாரன்டியை மறுக்க அதுவே காரணமாகிடும்.

கேட்கலன்னா?

முதல்ல கம்பெனிக்கு மெயில். அடுத்து தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதுக்கும் மசியலன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம். விருதுநகர் மாவட்டத்துக்கு அது ஸ்ரீவில்லிபுத்தூர்லயே இருக்கு. 2019 சட்டப்படி, பிரச்சினை எழுந்த 2 வருஷத்துக்குள்ள மனு போடணும். கார் விலை 5 முதல் 10 லட்சம்னா கட்டணம் 200 ரூபாய், 10 முதல் 20 லட்சம்னா 400 ரூபாய். வக்கீல் இல்லாம நீங்களே வாதாடலாம்.

டாப்-அப் செலவு சில நூறு ரூபாய்தான். எஞ்சின் சூடேறி ஹெட் வளைஞ்சா, ஒரு மாசச் சம்பளம் போயிடும். நாளைக்குக் காலையில ஆபீஸ் கிளம்பறதுக்கு முன்னாடி, ஒரு நிமிஷம் பானெட்டைத் திறந்து பாருங்க.