எலக்ட்ரான் வரைந்த கறுப்புச் சதுரம்

எலக்ட்ரான் நுண்ணோக்கியில் சிலிக்கான் படலத்தைப் பார்த்துவிட்டு உருப்பெருக்கத்தைக் குறைத்தால், பார்த்த இடம் மட்டும் கறுப்புச் சதுரமாகத் தெரிகிறதே, கதிர் சுட்டுவிட்டதா என்று ஒரு முதுகலை மாணவி கேட்டு எழுதியிருக்கிறார். சுடவில்லை, பூசியிருக்கிறது. பம்பு எண்ணெயின் ஆவியிலும் விரல் பிசுக்கிலும் இருந்து வரும் ஹைட்ரோகார்பன் மூலக்கூறுகள் பரப்பில் ஒட்டி ஊர்ந்துகொண்டிருக்கும். கதிர் பட்டதும் பிணைப்பு அறுந்து அங்கேயே கரிப்படலமாகிவிடும். இது 1934இலேயே ஃபிசிக்கல் ரிவ்யூ இதழில் வந்த சேதி. ஆனாலும் கோடி ரூபாய்க்குக் கருவி வாங்கிவிட்டுக் கையுறைக்குக் கணக்குப் பார்க்கும் கல்லூரிகள் இன்னும் இருக்கின்றன. அங்கெல்லாம் மாணவர்கள் ஆராய்வது பாதி சிலிக்கானை, பாதி விரல் அழுக்கை.

அந்தச் சதுரத்தின் ஓரம் பல சமயம் நடுவைவிடத் தடித்திருக்கும். மூலக்கூறுகள் வெளியிலிருந்துதான் ஊர்ந்து வரவேண்டும். வந்தவற்றை ஓரத்திலேயே கதிர் பிடித்துவிடுகிறது. எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் அப்பளக் கூடை முதல் நாலு இலையிலேயே காலியாகுமே, அந்தக் கதைதான்.

வாயுவை மாற்றினால் பூசிய கதிரே அரிக்கவும் செய்யும். சிலிக்கான் டை ஆக்சைடு படலத்தின்மேல் செனான் டைஃப்ளூரைடு வாயு சும்மா கிடந்தால் ஒன்றும் ஆகாது. கதிர் மட்டும் விழுந்தாலும் பெரிதாக ஒன்றுமில்லை. இரண்டும் சேர்ந்தால் படலம் கரையத் தொடங்கும்; சிலிக்கான் ஃப்ளூரினோடு கூடி டெட்ராஃப்ளூரைடு வாயுவாகப் பறந்துவிடும். ஐபிஎம் நிறுவனத்தின் கோபர்னும் விண்டர்ஸும் 1979இல் இதைக் காட்டினார்கள்.

எனக்குப் பிடித்த விசித்திரம் வேறு. ஆயிரக்கணக்கான எலக்ட்ரான் வோல்ட்டோடு பாய்ந்து வரும் எலக்ட்ரான் பிணைப்பை அறுப்பதில் அவ்வளவு கெட்டி இல்லை. பெரும்பாலும் கடந்து போய்விடுகிறது. அது உள்ளே இடித்துக் கிளப்பிவிடும் இரண்டாம்நிலை எலக்ட்ரான்கள், 50 எலக்ட்ரான் வோல்ட்டுக்கும் குறைந்தவை, பரப்பில் வெளிவந்து வேலையின் பெரும்பங்கை முடிக்கின்றன. அவை கதிர் விழுந்த புள்ளிக்குச் சற்றுத் தள்ளியும் கிளம்புவதால், எவ்வளவு கூர்மையான கதிராக இருந்தாலும் கோடு அதைவிடத் தடிமனாகவே விழும்.

சில்லுகளில் வடிவம் பதிக்கும் மாஸ்க்குகளை இன்று பழுதுபார்ப்பது இப்படித்தான். மிகையாக ஒட்டியதை ஒரு வாயுவால் அரிக்கிறார்கள், விடுபட்டதை இன்னொன்றால் நிரப்புகிறார்கள். முன்பு காலியம் அயனிக் கதிர் இதைச் செய்தது. காலியம் மாஸ்க்கின் கண்ணாடிக்குள் புதைந்து ஒளியை மறைத்ததால் எலக்ட்ரானுக்கு மாறினார்கள்.