கோள் சொன்ன பிள்ளை

1979-இல் எனக்குப் பதினோரு வயது. ஆறாம் வகுப்பு. திக்குவாய். ‘க’வில் தொடங்கும் சொல் வந்தால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். மதியச் சாப்பாட்டு மணி அடித்ததும் நாலு பேர் என்னைச் சுவரோரம் நிறுத்துவார்கள். “காரைக்குடின்னு சொல்லுடா, விட்டுர்றோம்.” சொந்த ஊரின் பெயரைச் சொல்ல முடியாமல் மறு மணி அடிக்கும்வரை நிற்பேன்.

மூன்று மாதம் பொறுத்துவிட்டு ஒரு சாயங்காலம் பட்டாலையில் உட்கார்ந்திருந்த அப்பாவிடம் சொன்னேன். அப்பா கோபக்காரர், பாசக்காரரும்கூட. மறுநாள் காலையில் என் கையைப் பிடித்து வகுப்புக்கே கூட்டிப்போனார். “வாத்தியாரே, இந்த நாலு பயலுகளையும் கண்ணு ரெண்டையும் விட்டுட்டு மத்த இடமெல்லாம் தோலை உரிச்சிருங்க” என்றார். வாத்தியார் அப்படியே செய்தார். ஐம்பது பிள்ளைகள் பார்க்க, என் பெயரைச் சொல்லிச் சொல்லி அடித்தார். அன்று மாலை ஊருணிக் கரையில் அந்த நாலு பேரோடு இன்னும் ஆறு பேர் சேர்ந்து நின்றார்கள். அதுவரை எனக்கு இருந்த பட்டப்பெயர் ‘திக்கு’. அன்றிலிருந்து ‘கோள்மூட்டி’. அதற்குப் பிறகு இரண்டு வருடம் நான் வீட்டில் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

அப்பாவை நான் குறை சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். அவருடைய தகப்பனார், எங்கள் ஐயா, படித்தது திண்ணைப் பள்ளிக்கூடத்தில். அங்கே சட்டாம்பிள்ளை என்று ஒரு மூத்த மாணவன் இருப்பான். வாத்தியார் எழுந்து போனால் பிரம்பு அவன் கைக்கு வரும். கயிற்றில் தொங்கவிடும் கோதண்டத் தண்டனையைப் பார்த்தே வளர்ந்த பிள்ளைகள் அவர்கள். பெரியவன் சின்னவனை அடிப்பது பாடத்திட்டத்தில் ஒரு பகுதிபோல இருந்த இடத்தில், சட்டாம்பிள்ளை அடிக்கிறான் என்று யாரிடம் போய்ச் சொல்வது? சொன்னால் அது கோள். கோள் சொல்வது பாவம் என்று நமக்குப் பரம்பரையாகச் சொல்லித்தந்திருக்கிறார்கள். பிறரைக் கெடுக்கப் பொய் பேசுகிறவனுக்கும், வலிக்கிறது என்று வாய் திறக்கிற பிள்ளைக்கும் ஒரே சொல்லை வைத்திருந்தோம். இந்த ஒரு சொல் எத்தனை பிள்ளைகளின் வாயை அடைத்திருக்கும் என்று நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு கனக்கிறது.

அப்புறம் கப்பல். மீசை அரும்பும் முன்பே பையன்களை ரங்கூனுக்கும் பினாங்குக்கும் அனுப்பிய ஊர்கள் இவை. கடையில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, அடுத்தாளாகி, பிறகு மேலேறி வரவேண்டும். அங்கே மூத்தவர்கள் இழுத்த இழுப்புக்கெல்லாம் வளைந்துகொடுத்ததைத் தொழில் கற்றுக்கொண்டதாகவே ஐயா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். கடல் தாண்டிக் கடிதம் வந்து சேர்வதற்குள் அழுதது காய்ந்துவிடும். ‘நலம், நலமறிய அவா’ என்பதற்கு மேல் பிள்ளைகள் எழுதவும் மாட்டார்கள். ‘பொறுத்துக்கப்பா’ என்பது அந்தத் தலைமுறை பிள்ளைகளுக்குக் கொடுத்த ஒரே மருந்து.

ஆனாலும் அன்றைய வளவு வீட்டில் ஒன்று இருந்தது. கூட்டுக்குடும்பத்தில் பிள்ளையின் முகத்தைப் பார்க்கப் பத்து ஜோடிக் கண்கள். என் இரண்டு வருட மௌனத்தைக் கண்டுபிடித்தது அப்பத்தாதான். “ஏன் ராசா, சோத்துத் தூக்கு போன மாதிரியே திரும்பி வருது?” என்று கேட்டார். அதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் பேசும்வரை வளவில் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். வெள்ளிக்கிழமை கொப்புடையம்மன் கோயிலில் அந்தப் பையன்களில் ஒருவனின் பாட்டியைப் பார்த்து ஏதோ சொன்னார். என்ன சொன்னாரென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்தப் பையன் அதன்பின் என் பக்கம் வரவில்லை.

இதைச் சொல்லி அந்தக் காலத்தைப் பொற்காலமாக்க நான் தயாரில்லை. அப்பத்தாவால் இன்னொரு பாட்டியிடம் சமமாக நின்று பேச முடிந்தது. எங்கள் வீட்டில் வேலைபார்த்த அம்மாவின் மகனும் அதே பள்ளியில்தான் படித்தான். அவனைச் சாதி சொல்லிக் கூப்பிட்டவர்களைப் பற்றிப் பேச அவன் அம்மாவுக்கு எந்தக் கோயில் வாசலில் இடம் இருந்தது? அவன் எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டான். ‘படிப்பு ஏறலை’ என்று எல்லோரும் பேசிக்கொண்டோம். நானும் அதை நம்பினேன்.

பிள்ளைகளுக்குள் நடக்கும் வம்பு பெரியவர்களின் பொறுப்பு என்ற எண்ணம் உலகத்துக்கே புதிது. நார்வேயில் 1982-இன் இறுதியில் மூன்று சிறுவர்கள் தற்கொலை செய்துகொண்ட பிறகு, 1983-இல் அந்த அரசு நாடு முழுக்கப் பள்ளிகளில் இதற்கென ஓர் இயக்கம் தொடங்கியது. அதை ஒட்டி டான் ஓல்வியஸ் என்ற உளவியலாளர் செய்த ஆய்வுதான் பின்னால் பல நாடுகளுக்கும் போனது. நமக்குப் பாடம் வீட்டுக்குப் பக்கத்திலிருந்தே வந்தது. கானாடுகாத்தானில் பிறந்த அண்ணாமலைச் செட்டியார் உருவாக்கி, 1929-இல் பல்கலைக்கழகமான சிதம்பரம் வளாகத்தில், 1996 நவம்பரில் முதலாண்டு மருத்துவ மாணவர் நாவரசு மூத்த மாணவர் ஒருவரால் கொல்லப்பட்டார். மறு ஆண்டு தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் வந்தது. குற்றவாளிக்கு விதிக்கப்பட்ட ஆயுள் தண்டனையை உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தபோது 2011 ஆகிவிட்டது. அதற்குள் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, பள்ளியில் அடிப்பதையும் மனத்தளவில் துன்புறுத்துவதையும் தடைசெய்திருந்தது. தோலை உரிக்கச் சொல்லி அப்பா இன்று கேட்டால், அதைச் செய்யும் வாத்தியார்தான் சட்டத்தின் முன் நிற்கவேண்டும்.

சட்டம் மாறிய பிறகும் சொன்ன பிள்ளையைக் காப்பாற்ற நாம் முழுதாகக் கற்றுக்கொள்ளவில்லை. 2023 ஆகஸ்ட் 9 இரவு நாங்குநேரியில் நடந்ததை எந்தப் பெற்றோரும் மறக்கக்கூடாது. சக மாணவர்களின் சாதித் தொல்லை தாங்காமல் பள்ளிக்குப் போகாமலிருந்த பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் நடந்ததைப் பள்ளியில் சொன்னார். சொன்னதற்காகவே வீடு தேடி வந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்கப்போன தங்கைக்கும் வெட்டு. அந்த மாணவர் அடுத்த ஆண்டு பிளஸ் டூ தேர்வில் 600-க்கு 469 மதிப்பெண் வாங்கினார். இதை ஒட்டி ஓய்வுபெற்ற நீதிபதி சந்துருவைக் கொண்டு அரசு அமைத்த ஒருநபர் குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. நாங்குநேரிச் செய்தியைப் படித்த இரவு ஊருணிக் கரை என் கண்முன் வந்தது. என் காயம் அந்தப் பிள்ளைகளின் காயத்துக்குப் பக்கத்தில்கூட வராது. ஆனால் முறையிட்ட நேரத்துக்கும் மறுநாளுக்கும் நடுவே பிள்ளை தனியாக விடப்பட்டது இரண்டிலும் ஒன்றுதான்.

போன வருடம் என் தங்கை ராத்திரி பத்து மணிக்குப் போன் செய்தாள். “அண்ணே, நான் தப்பாப் பேசிட்டேன்.” அவள் மகள் எட்டாம் வகுப்பு. பள்ளி வேனில் வாய் திறந்தபடி தூங்கியதை யாரோ படமெடுத்து, ஸ்டிக்கராக்கி, வாட்ஸ்அப் குரூப்பில் விட்டிருக்கிறார்கள். பதினோரு நாள் அடக்கிவைத்திருந்தவள், தங்கை தோசை ஊற்றிக்கொண்டிருக்கும்போது மெல்ல ஆரம்பித்திருக்கிறாள். “அதுக்குத்தான் போன் வேண்டாம்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன்” என்று இவள் சொல்ல, பிள்ளை வாயை மூடிவிட்டது.

“இப்பவே போய், போன் பேச்சை எடுத்தது என் தப்புன்னு சொல்லு. முழுசாக் கேளு. நடுவுல புத்தி சொல்லாதே. என்ன பண்ணட்டும்னு அவளையே கேளு” என்றேன்.

கேட்டிருக்கிறாள். பிள்ளைக்கு இருந்தது ஒரே ஒரு கோரிக்கை: “பிரேயர்ல என் பேரைச் சொல்லக்கூடாதும்மா.”

மச்சான் அந்த வீட்டுக்கே போய்க் கேட்டுவிடுவதாகக் கிளம்பினார். அப்பத்தா காலத்தில் அந்த வீட்டுப் பாட்டியைத் தெரிந்திருக்கும். இன்று வேனில் வரும் முப்பது பிள்ளைகளில் இருபது பேரின் வீடு எங்கே இருக்கிறதென்றே தெரியாது. போனால் தெருச்சண்டைதான் மிஞ்சும் என்று நிறுத்தினோம். ஸ்கிரீன்ஷாட்டுகளை எடுத்துவைத்தார்கள். எந்தத் தேதி, எந்த இடம், யார் பார்த்தது என்று எழுதி, தலைமையாசிரியையிடம் மனு கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கினார்கள். பள்ளி அசையாவிட்டால் கல்வித்துறையின் 14417, குழந்தைகளுக்கான 1098, சிவகங்கையில் இருக்கும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு என்று அடுத்த படிகளையும் குறித்துக்கொண்டார்கள். அவை தேவைப்படவில்லை.

முதலில் தலைமையாசிரியையும் “விளையாட்டுக்குப் பண்ணியிருப்பாங்க” என்றுதான் சொன்னார். தங்கை குரலை உயர்த்தவில்லை. “நாளைக்குக் காலையில வேன்ல என் பொண்ணு யார் பக்கத்துல உக்காருவா? இடைவேளையில யார் பார்த்துக்குவீங்க? இதை மட்டும் சொல்லுங்க மேடம்” என்று இரண்டு தடவை கேட்டாள். பதில் வந்தது. வேன் ஆயாம்மாவுக்குப் பக்கத்து முன்சீட்டு அவளுக்கு. சம்பந்தப்பட்ட நாலு வீட்டுப் பெற்றோரையும் தனித்தனியாகக் கூப்பிட்டார்கள். வகுப்பில் யார் பெயரும் பேசப்படவில்லை.

வந்தவர்களில் ஒரு தகப்பனார், “தோலை உரிச்சிருங்க மேடம், நான் கேக்க மாட்டேன்” என்றாராம். தங்கை சொன்னபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. நாற்பத்தைந்து வருடம் கழித்தும் அதே வாக்கியம். “அடிக்கிறதுக்கு உங்களைக் கூப்பிடலை. ஏன் செஞ்சான்னு அவகிட்ட உக்காந்து கேளுங்க” என்று தலைமையாசிரியை சொல்லியிருக்கிறார். அவர்மேல் எனக்கு அந்த நிமிடம் பெரிய மரியாதை வந்தது.

மூன்றாவது வாரம், ஒரு வெள்ளிக்கிழமை, தண்ணீர்க் குழாயடியில் யாரோ பின்னாலிருந்து “கோள்மூட்டி” என்றிருக்கிறார்கள். எந்தச் சொல் என்னை இரண்டு வருடம் ஊமையாக்கியதோ, அதே சொல். என் மருமகள் அன்று ராத்திரியே அடுப்படிக்கு வந்து அம்மாவிடம் சொல்லிவிட்டாள். தங்கை அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்து கேட்டிருக்கிறாள். நோட்டில் தேதி போட்டு எழுதிக்கொண்டாள். திங்கட்கிழமை காலை, வேன் வருமுன்பே பள்ளி வாசலில் போய் நின்றாள்.