சொந்த வளவு மரத்தைத் தறிக்கவும் அனுமதி வேண்டுமா?

"காணி எங்கடை, மரம் அப்பு வைச்சது. பிறகு ஆரிட்டைக் கேக்கிறது?" மீளக்குடியமரச் செல்லும் குடும்பங்கள் எம்மிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. நியாயமான கேள்விதான். ஆயினும் மூன்று மரங்களைப் பொறுத்தவரை பதில் வேறு. 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மரந்தறித்தல் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி பலா, ஈரப்பலா, பெண் பனை ஆகியவற்றை உரிமையாளரும் அனுமதிப்பத்திரமின்றித் தறிக்கலாகாது. மூன்றும் உணவு தரும் மரங்கள். அரிசி வராத நாட்களில் ஒடியற் கூழும் பலாக்கொட்டையும் எத்தனை பிள்ளைகளின் பசியை ஆற்றின என்பதை நீங்களே அறிவீர்கள்.

பனையில் ஒரு சிக்கல் உண்டு. வடலி பாளை தள்ளும்வரை ஆணா பெண்ணா என்று தெரியாது. பதுங்குகுழிகளுக்கென்று தறிக்கப்பட்டவை போக, எஞ்சிய வளவுகளில் இப்போது நிற்பவை பெரும்பாலும் வடலிகளே. வேலியோரத்து வடலிகளை அவசரப்பட்டு அழிக்க வேண்டாம் என்பதே எமது எண்ணம்.

அனுமதி கேட்டுப் பலர் முதலில் பிரதேச சபைக்குப் போய் ஒரு நாட் கூலியை இழக்கிறார்கள். போக வேண்டிய இடம் பிரதேச செயலகம். எத்தனை மரம், எதற்காக என்று எழுதி, உறுதியின் பிரதியுடன் கிராம அலுவலரை முதலில் காணுங்கள். இடப்பெயர்வில் உறுதி தொலைந்திருந்தால், அது பதியப்பட்ட காணிப் பதிவகத்தில் பிரதிக்கு விண்ணப்பிக்கலாம். உறுதியின்றி அரச அனுமதிப்பத்திரத்தில் காணி வைத்திருப்போர், எந்த மரமானாலும் முதலில் பிரதேச செயலகத்தில் கேட்பதே பாதுகாப்பு.

தறிக்க ஒரு கடதாசி, ஏற்றிச் செல்ல இன்னொரு கடதாசி. இதை அறியாமல் லொறியோடு வீதியில் மறிக்கப்பட்டோர் உளர். வேம்பு, தேக்கு போன்றவை அந்த மூன்றில் அடங்காவிட்டாலும், மரங்களைக் கொண்டுசெல்வது வனக் கட்டளைச் சட்டத்துக்கு உட்பட்டது. ஏற்றுமுன் வனத் திணைக்கள அலுவலகத்தில் விசாரியுங்கள்.

பிரதேச சபையின் வேலை வேறு. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டப்படி, ஒழுங்கைக்கு மேல் சாயும் கொப்புகளையும் வேலிகளையும் வெட்டும்படி அது கேட்கலாம். பக்கத்து வளவுக் கொப்பு உங்கள் கூரையில் உரசினால், கத்தியோடு ஏறாமல் முதலில் பேசுங்கள். முடியாவிட்டால் மத்தியஸ்த சபை உண்டு. விழக்கூடிய ஆபத்தான மரமென்றால், அதை அகற்றக் கட்டளையிடும் அதிகாரம் நீதவானுக்கு உண்டு.

வன்னியில் இருபது வருடம் ஆளில்லாமல் கிடந்த வயலும் தோட்டமும் காடாகிவிட்டன. அங்கு வனத் திணைக்களத்தின் எல்லைக்கல் நின்றால், ஒரு பற்றையைக்கூட வெட்டாதீர்கள். அது மரப் பிரச்சினையல்ல, காணிப் பிரச்சினை. பழைய உறுதி, அனுமதிப்பத்திரம், பங்கீட்டு அட்டை என்று கையில் உள்ள அனைத்தையும் கொண்டு, அயலவரோடு சேர்ந்து பிரதேச செயலாளரிடம் எழுத்தில் முறையிடுங்கள். கொடுத்த கடிதத்தின் பிரதியில் திகதி முத்திரை வாங்க மறவாதீர்கள்.