சலம் பின்னோக்கிப் பாய்தல்: எந்தப் படம் எதைக் காட்டும்?

"ஸ்கேன் எடுத்தாச்சு சேர், ஒன்னுமே இல்லைன்னுட்டாங்க." இரத்தினபுரி, கேகாலைத் தோட்டப்புறங்களில் படிப்பிக்கும் என் போன்றோருக்குப் பழகிப்போன பேச்சு இது. அடிக்கடி காய்ச்சல் வந்து பாடசாலைக்கு வராமல் நிற்கும் பிள்ளையின் உம்மாவோ அம்மாவோ நிம்மதியோடு சொல்வார். அந்த நிம்மதி எவ்வளவு சரி?

சிறுநீரகத்திலிருந்து இறங்கும் சலம் திரும்பி மேலேறக் கூடாது. சலக்குழாய் சிறுநீர்ப்பையின் சுவருக்குள் சாய்வாகப் புகுவதால், பை நிரம்பும்போது குழாய் நசுங்கி மூடிக்கொள்ளும். சுவருக்குள் ஓடும் அந்தத் துண்டு கட்டையாக அமைந்துவிட்டால் சலம் பின்னோக்கிப் பாயும். காய்ச்சலோடு சலத்தொற்று வரும் சிறு பிள்ளைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இது உண்டு. பலருக்கு வளர வளரத் தானாகவே மாறிவிடும். கடுமையாக இருந்து, தொற்றும் திரும்பத் திரும்ப வந்தால் சிறுநீரகத்தில் தழும்பு விழும்; பிற்காலத்தில் இரத்த அழுத்தமும் சிறுநீரக நோயும் வரலாம்.

வயிற்றில் ஜெல் பூசி எடுக்கும் சாதாரண ஸ்கேன் சிறுநீரகத்தின் அளவையும் வீக்கத்தையும் காட்டும், பாய்ச்சலைக் காட்டாது. ஆகவே, பாய்ச்சல் உள்ள பல பிள்ளைகளின் ஸ்கேன் சுத்தமாகவே இருக்கும்.

பாய்ச்சலைக் கண்டுபிடிக்க எம்.சி.யூ.ஜி. வேண்டும். மெல்லிய குழாய் வழியே பையில் மருந்து நிரப்பி, பிள்ளை சலம் கழிக்கும்போது எக்ஸ்ரே எடுப்பார்கள். பாய்ச்சலை 1 முதல் 5 வரை தரம் பிரிப்பதும் இதைக் கொண்டுதான். பாய்ச்சல் விட்டுவிட்டு வருவதால் இதுவும் சிலவேளை தவறவிடும். மருந்துக்குப் பதில் நுண்குமிழிகளை ஏற்றி எடுக்கும் ஸ்கேனில் கதிர்வீச்சு இல்லை, துல்லியமும் ஏறத்தாழ அதேயளவு. அமெரிக்கா அந்தக் குமிழி மருந்தைப் பிள்ளைகளுக்கு 2016இல் அனுமதித்தது. டீ.எம்.எஸ்.ஏ. படம் காட்டுவது தழும்பை.

அப்படியென்றால் எல்லாருக்கும் எம்.சி.யூ.ஜி. எடுத்தால் என்ன? குழாய் ஏற்றுவது பிள்ளைக்கு வேதனை, கதிர்வீச்சும் உண்டு. அதனால்தான் 2 வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் முதல் காய்ச்சல் தொற்றுக்கே அதை வழக்கமாக எடுக்க வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2011இல் சொன்னது. சாதாரண ஸ்கேனில் குறை தெரிந்தாலோ தொற்று மீண்டும் வந்தாலோ எடுக்கலாம்.

எங்கள் பெற்றோருக்கு ஒரு கிளினிக் பயணம் என்றால் ஒரு நாள் 'பேர்' போய்விடும். போகும் நாள் பயன்பட, பழைய ரிப்போர்ட்டுகளை ஒரு ஃபைலில் போட்டுக் கொண்டுபோகச் சொல்லுங்கள். காரணம் தெரியாத காய்ச்சலென்றால், அன்டிபயோட்டிக் தொடங்குமுன் சலம் பரிசோதிக்க வேண்டுமா என்று கேட்கட்டும். தொற்று திரும்பியிருந்தால், "ஸ்கேன் சரி, பாய்ச்சல் பார்த்தாச்சா டொக்டர்?" என்றும் கேட்கட்டும்.