சிப்பியைத் திறக்காமலே ஏலம்!

தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் ஒரு விசித்திர வியாபாரம் உண்டு. கரைக்கு வந்த சிப்பிகளை ஆயிரம் ஆயிரமாகக் குவித்து, திறக்காமலேயே ஏலம் விடுவார்கள். உள்ளே முத்தும் இருக்கலாம், வெறும் நாற்றமும் இருக்கலாம். எடுத்தவன் பாடு! 1961-க்குப் பிறகு முத்துக்குளிப்பு நின்றுபோனது. ஏலம் மட்டும் நிற்கவில்லை ஸார். இப்போது அதற்குப் பெயர் 'ஃபாரின் படிப்பு'.

எங்கள் தெருவில் ஒரு அண்ணாச்சி, உப்பளத்தில் கணக்கு எழுதுகிறவர். வீட்டுப் பத்திரத்தை மஞ்சள் பையில் சுருட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"தம்பி, நீங்க பி.காம். படிச்சவிய. ஜெர்மனியில படிப்பு ஃப்ரீன்னு மவன் சொல்லுதான். பெறவு எதுக்கு 12 லட்சம் கேக்கான்?"

நியாயமான கேள்வி! ஜெர்மனியில் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் படிப்புக் கட்டணம் கிடையாதுதான். ஆனால் வயிறு என்று ஒன்று இருக்கிறதே! ஒரு வருஷச் சாப்பாட்டுக்கும் வாடகைக்குமாக 11,904 யூரோவை அங்கே ஒரு கணக்கில் முடக்கிக் காட்ட வேண்டும். இது 2024 செப்டம்பரில் வந்த கணக்கு. யூரோ 100 ரூபாய் என்று வைத்தால் சுமார் 12 லட்சம். அது ஃபீஸ் இல்லை, பையனின் சொந்தப் பணம். போய் இறங்கியதும் மாதம் 992 யூரோவாக அவன் கைக்கே வரும். கனடா இன்னும் மோசம். 10,000 கனடா டாலர் காட்டினால் போதும் என்றிருந்ததை 2024-ல் 20,635 ஆக்கினார்கள். 2025 செப்டம்பரில் 22,895!

"சரி, பேங்க் எதுக்கு இருக்கு?" என்றார் அண்ணாச்சி.

1921-லேயே நாடார் வங்கி என்று ஆரம்பித்து, பிற்பாடு தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி ஆனதே, அது பிறந்த ஊர்க்காரர் கேட்காமல் வேறு யார் கேட்பார்கள்? ஆனால் கல்விக் கடனுக்கு ஒரு மாதிரித் திட்டம் உண்டு. 4 லட்சம் வரை கைப்பணம் வேண்டாம். அதற்கு மேல் போனால், வெளிநாட்டுப் படிப்புக்குச் செலவில் 15 சதவீதம் நம் பாக்கெட்டிலிருந்து. ஏழரை லட்சத்தைத் தாண்டினால் பொதுவாகச் சொத்து ஜாமீன். மஞ்சள் பை வெளியே வருவது இங்கேதான்!

நான் பேப்பரை எடுத்தேன். கடன் 20 லட்சம், வட்டி 11 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு வருஷப் படிப்பு, ஒரு வருஷத் தவணை விடுமுறை. 'விடுமுறை' தவணைக்குத்தான், வட்டிக்கு இல்லை! முழுப் பணத்தையும் முதல் நாளே வாங்கியிருந்தால் மூன்று வருஷத்தில் தனி வட்டி மட்டும் 6.60 லட்சம். அதையும் சேர்த்துப் பத்து வருஷத் தவணை போட்டால் மாதம் சுமார் 36,600 ரூபாய். அப்பாவே மாதாமாதம் 18,333 ரூபாய் வட்டியைக் கட்டி வந்தால் தவணை 27,550-ஆக இறங்கும். கட்டிய வட்டிக்கு, பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு வரி விலக்கும் உண்டு.

அண்ணாச்சி ரொம்ப நேரம் பேப்பரையே பார்த்தார். "மவளுக்குன்னு இருக்கது இந்த ஒரு வீடுதான் தம்பி" என்றார் மெதுவாக.

இந்த இடத்தில் ஒரு துறைமுக குமாஸ்தாவின் கணக்கைச் சொன்னேன். மெட்ராஸ் போர்ட் டிரஸ்டில் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் சேர்ந்தவர். 1914-ல் இங்கிலாந்து கிளம்பினார். சென்னைப் பல்கலைக்கழகம் வருஷத்துக்கு 250 பவுண்டு கொடுத்தது. அன்றைய பவுண்டு 15 ரூபாய். ஆக 3,750 ரூபாய், அதாவது பத்து வருஷ குமாஸ்தா சம்பளம்! அதில் 50 பவுண்டு ஊரில் இருந்த குடும்பத்துக்கு. கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரி கொடுத்த 60 பவுண்டு தனி. அவர் பெயர் சீனிவாச ராமானுஜன். ஜாமீனுக்கு வீட்டுப் பத்திரம் கேட்டிருந்தால் கணிதத்துக்கு என்ன ஆகியிருக்கும்!

எல்லோரும் ராமானுஜன் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உதவித்தொகை அவரோடு முடிந்துவிடவில்லை. பட்டியல் இனத்தவர், நிலமற்ற விவசாயக் கூலிகள், பாரம்பரியக் கைவினைஞர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு மத்திய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை இருக்கிறது. வருஷத்துக்கு 125 இடம். ஆதிதிராவிடர், பழங்குடி மாணவர்களுக்குத் தமிழக அரசின் அண்ணல் அம்பேத்கர் பெயரிலான திட்டம் இருக்கிறது. 1892-ல் தொடங்கிய ஜே.என்.டாட்டா அறக்கட்டளை கடன் உதவித்தொகை தருகிறது. ஆபீசில் இரண்டு வருஷம் குப்பை கொட்டியவரா? பிரிட்டிஷ் அரசின் செவனிங் உதவித்தொகை ஒரு வருஷ முதுகலைக்கு முழுச் செலவையும் ஏற்கும். கிடைப்பது கஷ்டம்தான். ஆனால் விண்ணப்பம் போட வீட்டை அடகு வைக்க வேண்டியதில்லை!

கடைசியில் அண்ணாச்சியிடம் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். பையனை உட்கார வைத்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: 'அங்கே வேலை கிடைக்காமல் ஊர் திரும்பினால், தூத்துக்குடி சம்பளத்தில் இந்தத் தவணையை எப்படிக் கட்டுவே?' அவன் பென்சிலை எடுத்துக் கணக்குப் போட ஆரம்பித்தால், தாராளமாக பேங்குக்குப் போங்கள்.

'அதெல்லாம் பாத்துக்கலாம்ப்பா' என்றால், பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும்!